வெளியூர் தலைக்கட்டு வரி இந்த வருசம் டபுள், பெங்களூர்ல இருக்குற நம்மாளுங்க என்ன சொல்றீங்க?

மடிவாளா மச்சான் | ஞாயிறு, இரவு 9.40
எல்லாருக்கும் தோத்திரம். காலைல சிவாஜிநகர் கோயில்ல தமிழ்ப் பூசை முடிச்சு வண்டியக் கூட எடுக்கல, ஊர்க் கமிட்டி வாட்சப் குரூப்புல வாய்ஸ் மெசேஜ். மே மாசத் திருவிழாவுக்கு உள்ளூர் தலைக்கட்டு, அதாவது குடும்பத்துக்கு, 1500, வெளியூர் தலைக்கட்டு 3000. ஏன்னு கேட்டா "வெளியூர்க்காரவுக சம்பாதிக்கிறீக" அம்புட்டுதான் பதில். நான் சம்பாதிக்கிறத எவன் எண்ணிப் பாத்தான்? இங்க ரூம் வாடகை, தண்ணி லாரி, புள்ள ஃபீஸ் எல்லாம் போக மாசக் கடைசில நான் நிக்கிற நெலம எனக்குத்தான் தெரியும்.

காசுக்காக மட்டும் பேசல. செலவு லிஸ்ட்டப் பாருங்க: சீரியல் லைட்டு, ரெண்டு செட்டு பேண்டு, வாணம், புதுசா டிரோன் கேமரா. போன வருசம் எங்கப்பா இங்க ஆஸ்பத்திரில தவறிட்டாரு, "ஊர்ல எங்கம்மா பக்கத்துலதான் என்னைய வைக்கணும்"னு சொல்லியே போனாரு, ராத்திரியோட ராத்திரியா ஆம்புலன்ஸ்ல ஓசூர், சேலம், திருச்சி, காரைக்குடின்னு கொண்டு போனோம். ஊர் எல்லை வரைக்கும் நல்லா போச்சு. கல்லறைத் தோட்டத்துக்குப் போற பாதைல சீமைக்கருவேல் ரெண்டு பக்கமும் மண்டி வண்டி நுழையல. நாலு பேரு முன்னாடி அருவாளோட வெட்டிக்கிட்டே போக, பின்னாடி பெட்டி போச்சு. எங்கம்மா சேலை முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுச்சு, அதக்கூட கவனிக்காம நடந்துச்சு. டிரோன் வேணாம்யா, ஒரு ஜேசிபிய அரை நாள் விடுங்கன்னு குரூப்புல போட்டேன். யாரோ கை கூப்புற படம் போட்டாக. முடிஞ்சுச்சு.

நம்ம சுத்துப்பட்டு பங்குகள்ல, தேவகோட்டை, சருகணி, ஓரியூர்ப் பக்கம் உள்ளவுக சொல்லுங்க, உங்க ஊர்ல எல்லாம் எப்படி?

லிங்கராஜபுரம் அக்கா | ஞாயிறு, இரவு 10.05
எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே ரேட்டு தம்பி. ஆனா வெளியூர்க்காரங்க "அன்பளிப்பு"ன்னு தனியா ஒரு கவர் வைக்கணும், வைக்கலன்னா நோட்டீஸ்ல பேரு வராது. எங்க வீட்டுக்காரரு பேரு மூணு வருசமா வரல, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மாமியாருக்குத்தான் தூக்கமே வரல. அப்பா விசயம் படிக்கவே கஷ்டமா இருக்கு. நானும் முள்ளுக்குள்ள நடந்திருக்கேன்.

கலாசிபாளையம் தாத்தா | திங்கள், காலை 5.50
தூக்கம் வரல, அதான் எழுதுறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க. எனக்கு எழுவத்தி நாலு வயசு, பெங்களூர் வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நீங்க எல்லாம் வரின்னா திருவிழாச் செலவுன்னு நெனைக்கிறீக, அது இல்ல. எங்க காலத்துல வரி நெல்லா கட்டுனோம், அறுப்பு முடிஞ்ச கையோட களத்துல வச்சே மரக்கால் போட்டு அளந்து வாங்கிப்புடுவாக. நம்ம பக்கம் என்ன, காவேரியா ஓடுது, ஐப்பசி கார்த்திகை மழைய நம்பி ஒரு போகம், கண்மாய் பெருகலைன்னா அந்த வருசம் பாதி வரிதான். மிளகாய் போட்ட வீட்டுல மிளகாயா வாங்குவாக. கல்யாணம் ஆன ஆம்பளை ஒருத்தன் ஒரு தலைக்கட்டு, விதவை வீடுன்னா அரை வரி. அப்ப சிவகங்கை மறைமாவட்டமே கிடையாது, மதுரையோட இருந்தோம், 1987லதான் பிரிச்சாக. உறுதிப்பூசுதல் சடங்குக்கு ஆயர் மதுரைலேருந்து வரணும், வந்தா ஊரே கண்மாய்க்கரையில தோரணம் கட்டி நிக்கும்.

சொல்ல வந்தது என்னன்னா, வரி கட்டுனவன்தான் ஊர்க்காரன். வரி புத்தகத்துல பேர் இருந்தாத்தான் சப்பரம் தூக்கலாம், கூட்டத்துல வாயத் தொறக்கலாம், வீட்டுல சாவுன்னா கோயில் மணி அடிப்பாக. வரி பாக்கின்னா மணியடிக்கிறதுக்குக் கூட கமிட்டிக்காரன் வாசல்ல போய் நிக்கணும், நான் நின்னுருக்கேன். அதனால மாப்ள, 3000ன்னு கேக்குறான்னா கோவப்படுங்க, சண்டை போடுங்க, ஆனா கட்டாம விட்டுறாதீக. பேரு போயிரும்.

ஊர்லயே இருக்கேன் | திங்கள், பகல் 1.15
சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன், சுருக்கமா சொல்லணும்னு நெனச்சேன், முடியாது போல.

மச்சான், உங்க அப்பா பெட்டிக்கு முன்னாடி அருவாளோட போன நாலு பேருல ஒருத்தன் நான். ஞாபகம் இருக்கா தெரியல. முள்ளு வெட்டலன்னு சொல்றீங்க, வருசத்துக்கு ரெண்டு தடவ வெட்டுறோம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஒன்னு, திருவிழாவுக்கு ஒன்னு. கருவேலுக்கு ஒரு மழை போதும், திரும்ப வந்துரும். வெட்ட ஆளு எங்க? எங்க செட்டுல புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்குன பசங்க இருவத்தி ரெண்டு பேரு, இப்ப ஊர்ல இருக்குறது நானும் கால் சரியில்லாத இன்னொருத்தனும். மத்தவன் எல்லாம் பெங்களூர், திருப்பூர், சிங்கப்பூர், துபாய்.

மூணு சப்பரம் இருக்கு, முன்னாடி மிக்கேல் சம்மனசு, நடுவுல செபஸ்தியார், கடைசியா மாதா. மாதா சப்பரம் தூக்க இருவது தோள் வேணும். போன வருசம் வெளியூர்க்காரங்க பாதிப் பேரு தேர்பவனி அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் பஸ்ஸ விட்டு இறங்குனாங்க, அதுக்குள்ள நாங்க டிராக்டர் டிரெய்லர்ல சப்பரத்த ஏத்திட்டோம். கெழவிங்க அழுதுச்சுங்க. நீங்க வந்து அதை போட்டோ எடுத்து "மிஸ்ஸிங் ஓல்ட் டேஸ்"னு ஸ்டேட்டஸ் போட்டீங்க.

சாமியார் ஒருத்தர், தாய்க்கோயிலு ஒன்னு, கிளைக்கிராமம் பதினாலு. எங்க கிளைக்கு மாசத்துல ஒரு பூசை, அதுவும் சாயங்காலம், அவரு பைக் பஞ்சர்னா அதுவும் இல்ல. மத்த ஞாயித்துக்கிழமை உபதேசியார்தான் வாசகம் வாசிச்சு செபம் சொல்றாரு. அவருக்கு எழுவது வயசுக்கு மேல. மணிக்கயிறு அறுந்து மூணு மாசம் ஆச்சு, பழைய லாரிக் கயித்த முடிச்சுப் போட்டு இழுக்குறாரு, முடிச்சு கப்பில மாட்டி பாதில நிக்குது. அதுல பன்னெண்டு மணி திரிகால செபத்துக்கு ஒரு நாள் மூணு அடிக்கும், ஒரு நாள் ஒன்னுதான் அடிக்கும். சாவுக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்சப்ல ஆர்.ஐ.பி. வந்துருது, அது வேற விசயம்.

3000 ஜாஸ்திதான். ஒத்துக்குறேன். டிரோன் வேணும்னு கேட்டது யாரு தெரியுமா? துபாய் குரூப்பு. லைவ் பாக்கணுமாம்.

மடிவாளா மச்சான் | திங்கள், இரவு 8.20
தம்பி, அன்னைக்கு யாரு முகத்தையும் நான் பாக்கல. மன்னிச்சுரு. ஆனா ஸ்டேட்டஸ் போட்டது நான் இல்ல, என் தம்பி.

எச்.ஏ.எல். சின்னப்பொண்ணு | திங்கள், இரவு 9.00
நடுவுல வர்றதுக்கு சாரி. எனக்கு இங்க பெங்களூர்லயே ஒரு கோயில்ல செப்டம்பர் கடைசில கல்யாணம். ஊர்லேருந்து ஞானஸ்நான சர்டிபிகேட்டும், மூணு ஞாயிறு கோயில்ல ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்ச லெட்டரும் வேணும். கமிட்டில ஒருத்தரு "அப்பா நாலு வருச வரி பாக்கி, கட்டிட்டு ஓலை வாங்கிக்கோ"ன்னு போன்ல சொல்றாரு. இது சரியா? சர்டிபிகேட்டுல வேற எங்கம்மா பேரு தப்பா இருக்கு, திருத்தணும்.

செமினரி பாதிவழி | திங்கள், இரவு 9.35
சரியே இல்ல தங்கச்சி. ஞானஸ்நானப் புத்தகம் பங்குத்தந்தை பொறுப்பு, கமிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. வரி ஊர் விசயம், அருட்சாதனம் (ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி) திருச்சபை விசயம். தகுந்த முறைல கேக்குறவங்களுக்கு, தகுதி இருந்து சட்டத் தடை எதுவும் இல்லன்னா அருட்சாதனத்தை மறுக்கக் கூடாதுன்னு 1983 திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு. கமிட்டிக்காரர்ட்ட பேசாத, நேரா சாமியார்க்கு போன் போடு, இல்லன்னா அப்பாவ பங்கு ஆபீஸுக்கு அனுப்பு. ஆறு மாசத்துக்குள்ள எடுத்த சர்டிபிகேட்டுதான் இங்க கேப்பாங்க, அதனால பழசை ஜெராக்ஸ் எடுத்துட்டு வராத. ஏன் புதுசு கேக்குறாங்கன்னா, கல்யாணம் ஆனதும் அந்தத் தகவல் உன் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்துலயே ஏத்தணும், ஏற்கனவே ஒன்னு ஏறியிருக்கான்னு பாக்கத்தான். அம்மா பேரு திருத்த அவங்க ஆதார், அவங்க கல்யாணப் பதிவு நகல் ரெண்டும் அனுப்பு. நீ ஊர்லேருந்து போயி ரொம்ப நாள் ஆச்சுன்னா ஓலை நீ இருக்குற பங்குலயும் வாசிக்கணும், அத இங்கயே கேட்டுக்க.

எட்டு வருசம் படிச்சு வெளிய வந்தவன் நான், இதுக்காவது உதவுது.

கே.ஆர்.புரம் கீழத்தெரு | செவ்வாய், இரவு 11.50
மூணு நாளா படிச்சுட்டு இருக்கேன், எழுத வேணாம்னுதான் இருந்தேன்.

மடிவாளா அண்ணே, உங்ககிட்ட 3000 கேக்குறாங்கன்னு கோவப்படுறீங்க. நானும் இதே சுத்துப்பட்டுதான், எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவுல வரியே வாங்க மாட்டாங்க. ஒரு ரூவா கூட. நாங்க குடுக்க மாட்டோம்னு இல்ல, அவங்க வாங்க மாட்டாங்க.

தாத்தா தெளிவா எழுதிட்டாரு, வரி கட்டுனவன்தான் ஊர்க்காரன்னு. அதேதான். வரி வாங்கிட்டா சப்பரம் எங்க தெருவுக்கும் வரணும், எங்க பசங்களும் தோள் குடுக்கணும், கமிட்டில எங்களுக்கு ஒரு ஆள் வேணும். அதனால வாங்குறது இல்ல. "உங்களுக்கு கெபி இருக்குல்ல, அங்க தனியா கும்புட்டுக்கங்க"ம்பாங்க. கெபின்னா குகை மாதிரி கட்டுன சின்னக் கோயில். கல்லறைத் தோட்டம் ஒன்னுதான், நடுவுல சுவரு. இருவது தோளு கிடைக்காம டிராக்டர்ல ஏத்துனோம்னு தம்பி எழுதியிருக்கான், அவன் ஊரும் என் ஊரும் ஒன்னான்னு தெரியல, ஆனா எங்க ஊர்ல மேலத்தெருவுல ஆளில்லாம டிராக்டர் வச்சப்போ எங்க தெருவுல நாப்பது பேரு கைய கட்டிட்டு நின்னு பாத்தோம்.

எங்கப்பா கொத்தனாரு. இங்க பெங்களூர்ல எத்தனையோ கட்டடத்துல வேலை பாத்திருக்காரு. ஒரு வருசம் ஊருக்குப் போனப்ப கவர்ல ஐநூறு ரூவா வச்சு, மேல "தலைக்கட்டு வரி"ன்னு எழுதி, கமிட்டித் தலைவர் வீட்டுக்கே கொண்டு போயி குடுத்தாரு. அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லி கவரைத் திருப்பிக் கையிலயே குடுத்துட்டாங்க. அப்பா அத பிரிக்கவே இல்ல, வீட்டு பைபிளுக்குள்ள வச்சாரு. 2016ல பழைய ஐநூறு செல்லாதுன்னு வந்தப்ப எல்லாரும் பேங்க்ல கியூவுல நின்னோம், அம்மா அந்தக் கவரையும் எடுத்துட்டுப் போன்னு சொல்லுச்சு. அப்பா குடுக்கல. இப்பவும் பைபிள்ல இருக்கு, சங்கீதம் பக்கத்துல.

டிரோன் கேமரா வாங்குனா எங்க தெரு மேலயும் பறக்குமான்னு மட்டும் கேட்டு சொல்லுங்க.

பொம்மனஹள்ளி பேக்கரி | புதன், காலை 7.10
எதுக்கு தேவையில்லாம சாதிய இழுக்குறீங்க, இந்தப் பேச்சு வரியப் பத்தினது. இப்பல்லாம் யாரு பாக்குறா. பெங்களூர்ல ஒரே பெஞ்சுலதான உக்காருறோம்.

கே.ஆர்.புரம் கீழத்தெரு | புதன், காலை 7.25
நானும் வரியப் பத்தித்தான் எழுதுனேன்.

செமினரி பாதிவழி | புதன், காலை 9.40
பேக்கரி அண்ணே, பெங்களூர்ல ஒரே பெஞ்சு, சரி. ஊர்ல இறங்குன உடனே பெஞ்சு மாறிடுதே. திருநெல்வேலி பக்கம் வடக்கன்குளம் கோயில்ல சாதிக்குத் தனித்தனியா உக்கார நடுவுல சுவரு இருந்துச்சு, 1910ல கௌசானல் சாமியார் அத இடிச்சாரு, அதுக்காக கோர்ட்டு வரைக்கும் போனாங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கோயிலுக்குள்ள இருந்த சுவரு பல இடத்துல கல்லறைக்குப் போயிருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசாங்கம் தனியா ஒரு பக்கம். 1950 ஜனாதிபதி ஆணைப்படி எஸ்.சி. பட்டியல் முதல்ல இந்துக்களுக்கு மட்டும், 1956ல சீக்கியரைச் சேத்தாங்க, 1990ல பௌத்தரைச் சேத்தாங்க. கிறிஸ்தவங்க இன்னும் வெளியதான். தமிழ்நாட்டுல பி.சி. சர்டிபிகேட் தருவாங்க. ஆக, கலெக்டர் ஆபீஸ்ல போனா "கிறிஸ்தவத்துல ஏதுங்க தீண்டாமை"ம்பாங்க, ஊருக்கு வந்தா கவரைத் திருப்பிக் குடுப்பாங்க. ஓரியூர் பக்கத்துலதான இருக்கு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலைய வெட்டுன மண்ணு, 1693. அங்க வருசா வருசம் பிப்ரவரி 4 போயி செம்மண்ண நெத்தில பூசிக்கிறோம். அவர் கடைசி மக்கள் வரைக்கும் போய்ச் சேரணும்னுதான் பண்டாரசாமி வேசத்துல, தமிழ்த் துறவி மாதிரி, ஊர் ஊரா திரிஞ்சாரு. மேற்கொண்டு எழுதுனா பிரசங்கம் ஆயிரும், நிறுத்திக்கிறேன்.

கலாசிபாளையம் தாத்தா | புதன், மாலை 6.30
கீழத்தெரு தம்பிக்கு. எங்க ஊர்ல நான் மூணு வருசம் வரிக்கணக்கு எழுதியிருக்கேன். நீளமான சிவப்பு பைண்டு நோட்டு. வருசா வருசம் புதுப் பக்கத்துல ஸ்கேல் வச்சு கோடு போட்டு, தெரு வாரியா தலைப்பு எழுதிட்டுத்தான் பேரு ஏத்துவேன். உங்களுக்குன்னு எங்க ஊர்லயும் ஒரு தெரு இருக்கு. அதுக்கு நான் தலைப்பு எழுதுனதே இல்ல. மறந்து விட்டேன்னு சொல்ல முடியாது, கோடு போடும்போதே எண்ணித்தான் விட்டேன். யாரும் விடுன்னு எங்கிட்ட சொல்லவும் இல்ல, முந்தின நோட்டுல எப்படி இருந்துச்சோ அப்படியே. நேத்து ராத்திரிலேருந்து அந்த நோட்டுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

மடிவாளா மச்சான் | புதன், இரவு 10.15
நான் ஆரம்பிச்ச பேச்சு எங்கயோ வந்துருச்சு, பரவாயில்ல. நான் முடிவு பண்ணிட்டேன், எல்லாத் தெருவுலயும் வரி வாங்குனாத்தான் என் 3000. இல்லன்னா பைசா கிடையாது. பெங்களூர்ல நம்ம ஊரு முப்பது வீடாவது இருக்கும், எல்லாரும் சேந்து சொல்வோம்.

ஊர்லயே இருக்கேன் | புதன், இரவு 10.50
அண்ணே, சொல்றது சுலபம். நீங்க அங்கேருந்து குரூப்புல மெசேஜ் போட்டுட்டு தூங்கிருவீங்க, காலைல டீக்கடைல மாட்டப்போறது நானு. அத விட கீழத்தெருல இருக்குற பசங்க. நம்ம பக்கத்து ஊர்ல இப்படித்தான் வெளியூர்க்காரங்க வேகமாப் பேசி, திருவிழா நின்னு, ஆர்.டி.ஓ. பேச்சுவார்த்தை, கோயில் பூட்டு, ரெண்டு வருசம் சப்பரமே கெளம்பல. பேச வேணாம்னு சொல்லல. வந்து பேசுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம், பஸ் ஏறுங்க.

லிங்கராஜபுரம் அக்கா | வியாழன், காலை 6.00
அவன் சொல்றது நியாயம். டிக்கெட் போட்டுட்டியா தம்பி?

மடிவாளா மச்சான் | வியாழன், காலை 9.30
போட்டாச்சு. சனிக்கிழமை ராத்திரி.

ஊர்லயே இருக்கேன் | அடுத்த செவ்வாய், இரவு 9.15
கேட்டவங்களுக்காக கூட்டத்துல நடந்தது. மச்சான் வந்தாரு, கோயில் வெராண்டாவுல உக்காந்து பேசுனோம், சாமியாரும் இருந்தாரு. வெளியூர் வரி 2000ஆ குறைஞ்சுச்சு. டிரோன் கேன்சல், துபாய் குரூப்பு கோவத்துல இருக்கு. கல்லறைப் பாதைக்கு ஜேசிபி அரை நாள், அடுத்த வாரம்.

எல்லாத் தெரு வரி விசயத்த மச்சான் எந்திரிச்சுக் கேட்டாரு, நல்லபடியாத்தான் கேட்டாரு. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மச்சானோட பெரியப்பாவே "ஒங்கப்பன் இருந்தா இப்படிப் பேசுவானா"ன்னு கேட்டாரு. சாமியார் மறைவட்ட அதிபர்ட்ட (சுத்துப்பட்டு பங்குகளுக்குப் பொறுப்பான சாமியார்) கொண்டு போறேன்னாரு. கடைசில தலைவரு சொன்னது, "அடுத்த வருசம் பாப்போம்".

கே.ஆர்.புரம் கீழத்தெரு | செவ்வாய், இரவு 9.40
எங்கப்பாட்ட சொன்ன அதே வார்த்தை. மாத்திக் கூட சொல்லல.

மடிவாளா மச்சான் | செவ்வாய், இரவு 9.55
ஆமா தம்பி. என் வரிய நான் கட்டல. பேரு போனா போகட்டும். பெரியப்பா பேசுறது இல்ல, அம்மா பேசுது.

ஊர்லயே இருக்கேன் | செவ்வாய், இரவு 10.10
சின்ன விசயம் ஒன்னு. மணிக்கயிறுக்கு கமிட்டில காசு ஒதுக்கல, மறந்துட்டாங்க. இங்க தேவகோட்டைல கேட்டேன், நீளமா கிடைக்கல. பெங்களூர்ல யாராவது வாங்கி புதன்கிழமை வண்டில குடுத்து விட முடியுமா? நாப்பது அடி. காசு நான் போட்டு அனுப்புறேன்.

கே.ஆர்.புரம் கீழத்தெரு | செவ்வாய், இரவு 10.30
நான் எஸ்.ஜே.பி. ரோடுல ஹார்டுவேர் கடைலதான் வேலை பாக்குறேன். நாளைக்கே எடுத்துரலாம். காசு வேணாம். பில்லு யாரு பேருல போட?

ஊர்லயே இருக்கேன் | செவ்வாய், இரவு 10.45
உங்க தெரு பேருலயே போடுங்கண்ணே. பில்லயும் கயித்தோட அனுப்புங்க, கணக்கு நோட்டுல ஒட்டிர்றேன். நைலான் போதும்.

கே.ஆர்.புரம் கீழத்தெரு | செவ்வாய், இரவு 10.50
நைலான் வழுக்கும், உபதேசியார் கைய அறுத்துரும். பருத்தில முறுக்குனது இருக்கு, ஒரு இஞ்சு தடிமன். அந்தக் கப்பி எத்தனை இஞ்சுன்னு நாளைக்குக் காலைல ஏறிப் பாத்து சொல்லு.